‘மேம்பட்டது’ என்றால் எது மேம்பட்டது?

பாலிமர் ஆய்வுக்கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும். “இந்தச் சேர்மத்தைச் சிறிதளவு சேர்த்ததில் பொருளின் இயந்திரப் பண்புகள் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டன.” சேர்மத்தின் பெயர் மாறும்: கிளிசரால், சார்பிட்டால், யூரியா, சிட்ரிக் அமிலத்தின் ஏதோவொரு எஸ்டர். பொருளின் பெயரும் மாறும்: ஸ்டார்ச், ஜெலட்டின், பிஎல்ஏ, எபாக்சி. வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கும். குறைந்த மூலக்கூறு எடை கொண்ட ஒரு சேர்மத்தை ஒரு பெரிய பாலிமரோடு கலந்து அதன் உறுதியை மாற்றுவது நூற்றைம்பது வருஷத்துப் பழைய வித்தை. வித்தையின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அந்த ‘மேம்பட்டன’ மேல்தான்.

ஏன் என்று சொல்ல, முதலில் அந்தச் சின்ன மூலக்கூறு உள்ளே போய் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். ரொம்ப நேரம் எடுக்காது.

பாலிமர் என்பது நீளமான சங்கிலிகளின் சிக்கல். பிவிசி சங்கிலியை எடுத்துக்கொண்டால், அதில் குளோரின் தொங்கிக்கொண்டிருப்பதால் பக்கத்துச் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் சுமார் 80 டிகிரி செல்சியஸ் வரை அது கண்ணாடி மாதிரி விறைப்பாக இருக்கும். தண்ணீர்க் குழாய் அதுதான். அதற்குள் டிஇஎச்பி என்ற எண்ணெய் போன்ற திரவத்தை 30 சதவீதம் கலந்துவிட்டால் அதே பிவிசி ரெக்சின் ஆகிறது, மின்கம்பி உறை ஆகிறது, மருத்துவமனை ட்யூப் ஆகிறது. டிஇஎச்பியின் மூலக்கூறு எடை 391தான். பிவிசி சங்கிலியோ பல்லாயிரம், லட்சம் என்று போகும். இந்தக் குட்டி மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு நடுவில் புகுந்து அவை நெளிய இடம் கொடுக்கின்றன. எவ்வளவு இடம் என்பதைத் தோராயமாகக் கணக்குப் போட ஃபாக்ஸ் 1956-இல் கொடுத்த எளிய சமன்பாடு போதும். இரண்டு பொருள்களின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைகளையும் கெல்வினில் எடுத்து, தலைகீழாக்கி, எடை விகிதப்படி கூட்ட வேண்டும். பிவிசிக்கு 353 கெல்வின், டிஇஎச்பிக்கு ஏறக்குறைய 186 கெல்வின் என்று போட்டால் 30 சதவீதக் கலவைக்கு 278 கெல்வின் வருகிறது, அதாவது 5 டிகிரி செல்சியஸ். அறை வெப்பநிலை அதற்கு மேலே இருப்பதால் கலவை தொய்வாக, ரப்பர் போல இருக்கிறது. 1926-இல் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன் பிவிசியைக் கொதிநிலை உயர்ந்த கரைப்பான்களில் சூடாக்கிக் கண்டுபிடித்தது இதைத்தான். வேதிப்பிணைப்பு எதுவும் கிடையாது. கலந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

இந்த ‘கலந்து நிற்கிறது, அவ்வளவுதான்’ பின்னால் பெரிய விஷயமாகப் போகிறது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். குழாய் ரெக்சின் ஆனதில் என்ன மேம்பட்டது? அறுவதற்கு முன் எவ்வளவு நீளும் என்ற நீட்சி பல மடங்கு கூடியது. இழுவலிமை குறைந்தது. விறைப்பு அடியோடு போயிற்று. ரெக்சின் வேண்டியவருக்கு இது மேம்பாடு. குழாய் வேண்டியவர் தலையில் கை வைத்துக்கொள்வார். ‘இயந்திரப் பண்புகள்’ என்று பன்மையில் ஒரே மூட்டையாகக் கட்டி, அந்த மூட்டையே மேம்பட்டது என்று சொல்ல இங்கே வழியில்லை. சின்ன மூலக்கூறு கொடுத்தது ஒரு பண்டமாற்று. எதைக் கொடுத்து எதை வாங்கினோம் என்று எழுதுவதுதான் கட்டுரையின் வேலை. முக்கால்வாசிக் கட்டுரைகளின் சுருக்கத்தில் வாங்கியது மட்டும் இருக்கிறது. கொடுத்தது நாலாவது அட்டவணையில், ஆறாவது பத்தியில் இருக்கும்.

சதவீத விளையாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்டார்ச் படலம் 3 சதவீதம் நீண்டு அறுந்தது, சேர்மம் போட்டபின் 9 சதவீதம் நீண்டது என்று வையுங்கள். சுருக்கத்தில் இது “நீட்சி 200 சதவீதம் உயர்ந்தது” என்று வரும். படிப்பவர் மனதில் ரப்பர் பேண்ட் ஓடும். உண்மையில் உடையக்கூடிய ஒன்று இன்னும் உடையக்கூடியதாகவே இருக்கிறது. அதிலும் நீட்சி என்பது அளவைகளிலேயே ரொம்பச் சிதறுகிற அளவை. துண்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், பாதியில் அறுந்துவிடும். படலங்களுக்கான ஏஎஸ்டிஎம் முறை குறைந்தது ஐந்து துண்டுகளாவது சோதிக்கச் சொல்கிறது. கட்டுரைகளும் சரியாக ஐந்தோடு நிறுத்திக்கொள்கின்றன. ஐந்து துண்டில் 9 என்ற சராசரி, கூட்டல் கழித்தல் 4 என்று வந்தால், அந்த 200 சதவீதத்தை எந்த முகத்தோடு தலைப்பில் போடுவது?

ஆனால் இதெல்லாம் எண்களைச் சொல்லும் விதத்தில் உள்ள குறை, திருத்திவிடலாம். எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. சின்ன மூலக்கூறு எப்போதும் இளக்கும் என்ற நினைப்பு. இளக்காது. சில சமயம் அது இறுக்கும்.

இதற்கு ஆய்வகம் வேண்டாம், சமையலறை டப்பா போதும். மொறுமொறு முறுக்கில் கொஞ்சம் காற்றுப்பட்டு ஈரம் ஏறினால் என்ன ஆகிறது? முழுசாக நமத்துப்போவதற்கு முன்னால் நடுவில் ஒரு கட்டம் உண்டு. அப்போது அது மெத்தென்றும் இருக்காது, மொறுமொறுவென்றும் இருக்காது. கடிக்க முன்பைவிட அதிகமாகப் பல்லை அழுத்த வேண்டும். “என்ன இது, கல்லு மாதிரி இருக்கு” என்று சொல்வது இந்தக் கட்டத்தில்தான். காலை உணவுக்கான தானியப் பொரி வகைகளில் உணவு விஞ்ஞானிகள் இதை முறையாக அளந்திருக்கிறார்கள். ஈரம் ஒரு வரம்புவரை ஏறும்போது உடைக்கத் தேவையான விசை கூடுகிறது, அதற்குப் பிறகுதான் சரிகிறது. 18 என்ற மூலக்கூறு எடை கொண்ட தண்ணீரைவிடச் சின்ன நெகிழியாக்கி நடைமுறையில் கிடையாது. அதுவே குறைந்த அளவில் எதிர்வேலை செய்கிறது.

பாலிமர் உலகில் இதற்கு எதிர்நெகிழியாக்கம் என்று பெயர். 1960-களில் அமெரிக்காவின் டென்னசி ஈஸ்ட்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜாக்சன், கால்டுவெல் இருவரும் பாலிகார்பனேட்டில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். 1967-இல் வந்த அவர்களுடைய கட்டுரைகளை இந்தத் துறைக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும் என்பேன். சின்ன மூலக்கூறுகளைக் கலந்தார்கள். பொருள் மென்மையாவதற்குப் பதிலாக விறைப்பு கூடியது, இழுவலிமை கூடியது. எந்த மூலக்கூறு இப்படி நடந்துகொள்கிறது என்றும் தேடினார்கள். விறைப்பான, மெல்லிய, வளையங்கள் கொண்ட, குளோரின், ஆக்சிஜன் போன்ற முனைவுள்ள அணுக்கள் ஏறிய மூலக்கூறுகள் என்று ஒரு அடையாளம் சொன்னார்கள். அதைவிட முக்கியம், விலை என்ன என்பதையும் மறைக்கவில்லை. நீட்சி விழுகிறது, பொருள் நொறுங்கும் குணம் பெறுகிறது, வெப்பம் தாங்கும் எல்லை இறங்குகிறது. எல்லாம் அதே கட்டுரையில்தான் இருக்கிறது. ‘மேம்பாடு’ என்று பெயர் வைக்காமல் நடந்ததற்கு ஒரு பெயர் வைத்தார்கள். அறுபது வருஷம் கழித்தும் அந்தப் பெயர் நிற்கிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கலாம். எதிர்நெகிழியாக்கி கலந்த பாலிகார்பனேட்டின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை இறங்கத்தான் செய்கிறது. சாதாரண நெகிழியாக்கி செய்வது போலவே. அப்புறம் எப்படி அறை வெப்பநிலையில் விறைப்பு ஏறுகிறது? பதில், சங்கிலியின் அசைவு ஒரே வகை அல்ல என்பதில் இருக்கிறது. நீளமான பகுதி ஒன்றாக நெளிவது ஒரு வகை. அதுதான் கண்ணாடி நிலைமாற்றத்தைத் தீர்மானிக்கிறது, பாலிகார்பனேட்டுக்கு அது 150 டிகிரி செல்சியஸ் பக்கம். இன்னொரு வகை, சங்கிலியில் உள்ள வளையம் போன்ற சின்னப் பகுதி இருந்த இடத்திலேயே ஆடுவது. பாலிகார்பனேட்டில் இந்த ஆட்டம் கழித்தல் 100 டிகிரி அளவிலேயே தொடங்கிவிடுகிறது. அதனால் அறை வெப்பநிலையில், கண்ணாடி நிலையிலும், உள்ளே ஒரு ஆட்டம் இருந்துகொண்டே இருக்கும். சுத்தியலால் அடித்தாலும் பாலிகார்பனேட் உடையாமல் தாங்குவதற்கு இந்த ஆட்டமும் ஒரு காரணம் என்று ரொம்ப நாளாகச் சொல்லி வருகிறார்கள். எதிர்நெகிழியாக்கி சங்கிலிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடங்களில் போய் உட்கார்ந்துகொண்டு இந்தச் சின்ன ஆட்டத்தை அடக்கிவிடுகிறது. கூட்டமான பேருந்தில் இருக்கிற இடைவெளிகளில் எல்லாம் ஆள் ஏறி நின்றால் உள்ளே இருப்பவர் கை அசைக்க முடியாது இல்லையா, அப்படி. பேருந்தின் வேகம் வேறு விஷயம்.

ஆக, ஒரே மூலக்கூறு ஒரு அசைவை விடுவிக்கிறது, இன்னொன்றைப் பூட்டுகிறது. எந்த வெப்பநிலையில், எந்த வேகத்தில் இழுக்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று மேலே தெரிகிறது. பிவிசியிலும் இதே கதைதான். டிஇஎச்பியைப் பத்து சதவீதத்துக்குள் மட்டும் போட்டால் ரெக்சின் கிடைக்காது, முன்பைவிட விறைப்பான, எளிதில் நொறுங்கும் பிவிசிதான் கிடைக்கும். பிளாஸ்டிக் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழைய செய்தி. ஸ்டார்ச்சில் கிளிசராலுக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டு. 1997-இல் லூர்தென், பிசோ, கொலோனா என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதைச் சுமார் 12 சதவீதம் என்று காட்டினார்கள். அதற்குக் கீழே கிளிசரால் இறுக்கும், மேலே இளக்கும்.

இப்போது மறுபடி நம் மனப்பாட வாக்கியத்துக்கு வாருங்கள். கிளிசரால் 5 சதவீதம் போட்டால் இழுவலிமை உயரும்: “மேம்பட்டது”. 30 சதவீதம் போட்டால் நீட்சி உயரும்: “மேம்பட்டது”. எங்கே போனாலும் ஏதோ ஒன்று உயர்ந்திருக்கும். உயர்ந்ததை எடுத்து முன்னால் வைத்தால் தோல்வியடையவே முடியாத ஆராய்ச்சி இது! வில் எய்தபிறகு அம்பு விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுகிற மாதிரி.

காரணம் சொல்லும் பகுதி இன்னும் வேடிக்கை. ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளிலும் அகச்சிவப்பு நிறமாலைப் படம் ஒன்று இருக்கும். 3300 அலையெண் பக்கத்தில் உள்ள பள்ளம் சற்று நகர்ந்திருக்கும். “ஆகவே ஹைட்ரஜன் பிணைப்பு உருவானது, ஆகவே வலிமை கூடியது.” கிளிசராலில் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன, ஸ்டார்ச்சில் எண்ணிலடங்காதவை. இரண்டையும் கலந்தால் ஹைட்ரஜன் பிணைப்பு வராமல் வேறு என்ன வரும்? 5 சதவீதத்தில் இறுகும்போதும் அந்தப் பிணைப்பு இருக்கிறது, 30 சதவீதத்தில் இளகும்போதும் இருக்கிறது. இரண்டு எதிரெதிர் விளைவுக்கும் ஒரே காரணத்தைச் சொன்னால் அது காரணமே இல்லை. தேவையானது, குறைந்த வெப்பநிலையிலிருந்து அதிர்வு கொடுத்துப் பார்க்கும் இயங்கு இயந்திரப் பகுப்பாய்வு. எந்த அசைவு அடங்கியது, எது விடுபட்டது என்று அது காட்டும். கருவி பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. கழித்தல் 100 டிகிரிக்குக் கொண்டுபோக திரவ நைட்ரஜன் வேண்டும் என்பதால் அறை வெப்பநிலையிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். பதில் இருக்கும் பக்கத்தைப் படிக்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டுவது போல.

அடுத்தது ஈரம். ஸ்டார்ச், ஜெலட்டின், கைட்டோசான் படலங்கள் மூன்று பொருள்களின் கலவை: பாலிமர், போட்ட சேர்மம், காற்றிலிருந்து வந்த தண்ணீர். மூன்றாவதை யாரும் செய்முறையில் எழுதுவதில்லை. கிளிசரால் தானே தண்ணீரை இழுக்கும் குணமுடையது. அதனால் கிளிசரால் கூடக்கூட உள்ளே தண்ணீரும் கூடுகிறது. அளந்த மென்மையில் எவ்வளவு கிளிசராலுடையது, எவ்வளவு தண்ணீருடையது? துண்டுகளை எடைபோட்டு ஈரப்பதத்தைக் கொடுத்திருந்தால் கண்டுபிடித்துவிடலாம். பல இடங்களில் அது இருப்பதில்லை.

சோதனைச் சூழலையும் பாருங்கள். 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்று எழுதியிருக்கும். பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 291 சொல்லும் வழக்கமான சூழல் அது. அதே தரம் வெப்பமண்டல நாடுகள் 27 டிகிரி, 65 சதவீதத்தைப் பயன்படுத்தலாம் என்கிறது. இந்தியத் தரமான ஐஎஸ் 196 எடுத்துக்கொண்டதும் 27, 65 என்பதைத்தான். ஆனால் இந்திய ஆய்வகங்களிலிருந்து வரும் கட்டுரைகளிலும் 23, 50 என்றே அடிக்கடி பார்க்கிறேன். வெளிநாட்டுப் பத்திரிகையின் மதிப்பீட்டாளர் அதைத்தான் எதிர்பார்ப்பார் என்பது காரணமாக இருக்கலாம். மழைக்காலத்துச் சென்னையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். 50 சதவீதத்தில் கம்பீரமாக நின்ற ஸ்டார்ச் பை, நவம்பர் மாதத்துக் காய்கறிக் கடையில் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபிறகு இது வெறும் ஆய்வகக் கேள்வி இல்லை. பை கிழிந்து தக்காளி தெருவில் ஓடினால், மக்கள் ஸ்டார்ச்சைக் குறை சொல்ல மாட்டார்கள். “இந்த மாற்றுப் பையெல்லாம் வேலைக்கு ஆகாது” என்று பழைய கேரி பேக்குக்குத்தான் திரும்புவார்கள்.

இதைச் சோதிக்கப் பெரிய செலவும் இல்லை. மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் சமையல் உப்பின் தெவிட்டிய கரைசலை வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். பொட்டாசியம் குளோரைடு வைத்தால் 84 பக்கம். மெக்னீசியம் நைட்ரேட் வைத்தால் 53. மூன்று ஜாடி, மூன்று உப்பு, ஒரு வாரம். இதைச் செய்த கட்டுரைகளும் இருக்கின்றன, அவை எண்ணிக்கையில் கம்மி என்றாலும் படிக்க நிம்மதியாக இருக்கும்.

இந்த விஷயத்தில் வியாபாரிகள் ஆய்வாளர்களைவிட நேர்மையாக நடந்துகொண்ட ஒரு இடமும் உண்டு. நைலான் 6 விற்பவர்களின் தரவுத்தாளை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பண்புக்கும் இரண்டு எண்கள் கொடுப்பார்கள்: அச்சிலிருந்து வந்த உலர்நிலையில் ஒன்று, காற்றின் ஈரத்தோடு சமநிலை அடைந்தபின் ஒன்று. நைலான் 50 சதவீத ஈரப்பதத்திலேயே இரண்டரை, மூன்று சதவீதம் தண்ணீரைக் குடித்துவிடும். அதில் விறைப்பு 3 கிகாபாஸ்கல் அளவிலிருந்து பாதிக்கும் கீழே இறங்கும், அடி தாங்கும் திறன் ஏறும். பற்சக்கரம் போன்ற நைலான் பாகங்களை வேண்டுமென்றே தண்ணீரில் ஊறவைத்து அனுப்பும் வழக்கமும் இருக்கிறது, உலர்ந்த நைலான் பொருத்தும்போதே உடையும் என்பதால். இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்தபிறகு ‘மேம்பட்டது’ என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை. வாங்குபவர் தனக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள்வார்.

இனி, முன்பு ஞாபகம் வைக்கச் சொன்னது. கலந்து நிற்கிறது, பிணைந்து நிற்கவில்லை. பிணையாதது ஒருநாள் கிளம்பும்.

பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸில் அழிரப்பரும் பிளாஸ்டிக் ஸ்கேலும் ஒட்டிக்கொண்டு, பிய்த்தால் ஸ்கேலில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பார்க்காதவர் இருக்க முடியாது. வெள்ளை அழிரப்பர்கள் பல, உண்மையில் நெகிழியாக்கி ஊறிய பிவிசி. அதன் உள்ளிருந்த எண்ணெய் மெல்ல நகர்ந்து பாலிஸ்டைரீன் ஸ்கேலுக்குள் போய் அதை இளக்கிவிடுகிறது. அழிரப்பரைச் சுற்றி ஒரு அட்டை உறை இருப்பதற்கு இது ஒரு காரணம். செல்லுலாய்டின் கதையும் இதுவே. 1870-இல் ஹயாட் சகோதரர்கள் நைட்ரோசெல்லுலோசில் கற்பூரத்தைக் கலந்து காப்புரிமை பெற்றார்கள். கற்பூரம் திறந்துவைத்தால் காற்றில் கரைந்து போகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. செல்லுலாய்டு சீப்பிலிருந்தும் பொம்மையிலிருந்தும் அது அதே மாதிரி வருஷக்கணக்கில் கிளம்பிப் போனது. பொருள் சுருங்கி, விரிசல் விட்டது. பின்னால் திரைப்படச் சுருளுக்கு வந்த செல்லுலோஸ் அசிட்டேட்டில் டிரைஃபீனைல் பாஸ்ஃபேட் கலந்தார்கள். கெட்டுப்போன பழைய சுருள்களின் மேல் அது வெள்ளைப் படிகமாக வெளியே வந்து உட்கார்ந்திருப்பதை ஆவணக் காப்பகங்களில் பார்க்கிறார்கள்.

இவ்வளவு அனுபவம் இருந்தும், இன்றைய பிஎல்ஏ கட்டுரைகளில் ‘எத்தனை நாள் கழித்துச் சோதித்தீர்கள்’ என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ‘48 மணி நேரம்’. பிஎல்ஏ இயல்பில் 60 டிகிரி வரை கண்ணாடி போன்றது, ஐந்து சதவீதம் போல நீண்டு அறுந்துவிடும். சிட்ரேட் எஸ்டர் இருபது சதவீதம் போட்டால் நூற்றுக்கணக்கான சதவீதம் நீளும். வலிமை மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்பது இருக்கட்டும். மாதக்கணக்கில் வைத்திருந்தால் என்ன ஆகும்? மென்மையாக்கப்பட்ட சங்கிலிகளுக்கு அசைய இடம் கிடைத்துவிட்டதால் அவை அடுக்கிக்கொண்டு படிகமாகத் தொடங்கும். படிகத்துக்குள் எஸ்டருக்கு இடமில்லை, வெளியே தள்ளப்படும். மேற்பரப்பில் பிசுபிசுப்பு, உள்ளே மறுபடி நொறுங்கும் பிஎல்ஏ. மென்மைப்படுத்திய செயலே அந்த மென்மையை அழிக்கும் வழியையும் திறந்துவிடுகிறது. 2003 வாக்கில் ஸ்வீடனைச் சேர்ந்த யுங்பெரி, வெஸ்லென் இருவரும் டிரைபியூட்டைல் சிட்ரேட் கலந்த படலங்களை நாள்படக் கவனித்து இதைத்தான் எதிர்கொண்டார்கள். அவர்கள் அடுத்து செய்தது எனக்குப் பிடித்தது. சிட்ரேட்டுகளை ஒன்றோடொன்று இணைத்துச் சற்றுப் பெரிய மூலக்கூறுகளாக்கிப் போட்டுப் பார்த்தார்கள், எளிதில் நகராமல் இருக்கட்டும் என்று. ஆனால் மூலக்கூறு பெரிதானால் பாலிமரோடு கலக்கும் விருப்பம் குறையும். அங்கும் பண்டமாற்றுதான்.

ஆய்வாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மூன்று வருஷ முனைவர் பட்டத்தில் இரண்டு வருஷம் படலத்தை டிராயரில் வைத்துக் காத்திருக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. நிதி கொடுப்பவர் ‘என்ன மேம்பட்டது’ என்றுதான் கேட்பார், ‘என்ன பரிமாறப்பட்டது’ என்று கேட்க மாட்டார். ஒரு கட்டுரை ஒரு படிதான், எல்லாவற்றையும் அதுவே சொல்ல முடியாது என்பதும் சரி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முழு இழுவிசை வளைவரையை அச்சிடுவதற்குக் கூடுதலாக ஒரு நாள்கூட ஆகாது. அட்டவணையில் மூன்று எண்ணாகச் சுருங்கிய துண்டு, வளைவரையில் எங்கே தொய்யத் தொடங்கியது என்று தெரிந்துவிடும். பைக்கு அதுதான் முக்கியம். 300 சதவீதம் நீண்டு அறுகிற பை யாருக்கு வேண்டும், பத்து சதவீதத்திலேயே தொங்கித் தரையைத் தொட்டால்?

இப்போது, எது மேம்பாடு என்ற கேள்வியை இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விடச் சிக்கலாக்கும் ஒரு பொருள்: இரத்தப் பை.

1950 வாக்கில் கார்ல் வால்ட்டரும் வில்லியம் மர்ஃபியும் கண்ணாடிப் புட்டிக்குப் பதிலாக பிவிசிப் பையைக் கொண்டுவந்தார்கள். புட்டி உடையும், பை உடையாது. மடிக்கலாம், சுழற்றிக் கூறுகளைப் பிரிக்கலாம். மென்மைக்காகப் போட்டது டிஇஎச்பி, பையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இருக்கலாம். 1970-இல் ஜேகர், ரூபின் என்ற ஆய்வாளர்கள் அந்த டிஇஎச்பி சேமித்த இரத்தத்துக்குள் கசிவதைக் காட்டினார்கள். விலங்குச் சோதனைகளில் டிஇஎச்பி ஆண் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியைப் பாதிப்பது பின்னால் உறுதியானது. 2002-இல் அமெரிக்க எஃப்டிஏ, ஆண் சிசுக்கள் போன்ற எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு முடிந்தவரை மாற்றுப் பொருள்களைப் பயன்படுத்தச் சொல்லி அறிவிப்பு வெளியிட்டது. பொம்மைகளில் ஐரோப்பா 2005-இலேயே 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று தடுத்துவிட்டது. அப்படியென்றால் இரத்தப் பையிலிருந்தும் எடுத்துவிட வேண்டியதுதானே?

எடுத்தார்கள். சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைந்தன. கசிந்த டிஇஎச்பி சிவப்பணுச் சவ்வுக்குள் போய் உட்கார்ந்து அதை உறுதிப்படுத்துவது தெரியவந்தது. பையை மென்மையாக்கப் போட்ட சின்ன மூலக்கூறு, பையைவிட்டு ஓடிப்போய், இரத்த அணுவின் இயந்திரப் பண்பை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறது! சேர்ப்புக் கரைசலோடு சிவப்பணுக்களை 42 நாள் வைத்திருக்கிறோம் என்றால் அதில் இந்தக் கசிவுக்கும் பங்கு உண்டு. யாரும் திட்டமிடாத மேம்பாடு இது. குறைமாதத்தில் பிறந்து திரும்பத் திரும்ப இரத்தம் ஏற்றப்படும் குழந்தைக்கு அதே கசிவுதான் கவலை. 42 நாள் கெடுவால் பலன் பெறும் சின்ன ஊர் இரத்த வங்கிக்கு அதே கசிவுதான் உதவி.

அதனால்தான் மாற்று தேடுபவர்கள் வேறு மாதிரி வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பியூட்டிரைல் டிரைஹெக்சைல் சிட்ரேட், டிஐஎன்சிஎச் போன்றவற்றைப் போட்டுப் பார்க்கும்போது பை எவ்வளவு நீள்கிறது என்று யாரும் முதலில் கேட்பதில்லை. சேமிப்புக் காலத்தின் கடைசி நாளில் எத்தனை சதவீதச் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன என்றுதான் கேட்கிறார்கள். ஐரோப்பாவில் 0.8 சதவீதத்துக்குள், அமெரிக்காவில் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கரைசலை மாற்றினால் எண் மாறுகிறது, பையைத் தினமும் மெல்லக் குலுக்கினால்கூட மாறுகிறது. எதைப் போட்டோம், எது கசிந்தது, எவ்வளவு கசிந்தது, கசிந்தது என்ன செய்தது என்று நான்கையும் ஒரே அட்டவணையில் அங்கே பார்க்கலாம். இழுவலிமை எங்கோ கடைசிப் பக்கத்தில், ஒரு வரியில் இருக்கும்.